பாரிஸ்டர் சித்தரஞ்சன தாசர்

தேசபந்து என்னும் சிறப்புப் பெயரால் சித்தரஞ்சன தாசரை அறிவார் பலர். 1922-ஆம் ஆண்டு கயையிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவர் தலைமை வகித்ததும், மறு ஆண்டு சுயராஜ்யக் கட்சியைக் கண்டதும், 1924-இல் கல்கத்தா நகரின் முதல் மேயராய் அமர்ந்ததும் நூல்களிற் பரக்கக் காணலாம். அவற்றை விரித்தெழுத ஈண்டுப் புகுந்திலேன். குற்றஞ்சாட்டப்பட்டார் பக்கம் நின்று அவர் வாதாடிய திறத்தையும், அதன்பொருட்டு அவர் இழந்ததையும் கூறுவதே என் கருத்து. நம் சங்கத்துக் குடும்பங்களிற் சட்டம் பயிலும் பிள்ளைகள் இதனைப் பொறுமையுடன் படிப்பாராக.

தாசர் 1870-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் புவனமோகன தாசர் அந்நகரிற் சட்டத் தொழில் புரிந்தவர். வந்தார்க்கு இல்லை என்னாத இயல்பினர். மைந்தர் மாகாணக் கல்லூரியிற் பயின்று, ஐ. சி. எஸ். பரீக்ஷையின் பொருட்டுச் சீமை சென்றார், அதில் தேறினாரல்லர். பின்னர்ப் பாரிஸ்டராய்த் திரும்பிக் கல்கத்தா ஹைகோர்ட்டிற் பதிவு செய்துகொண்டார். முதற் பல ஆண்டுகள் வரும்படி சுருங்கியதாகவே இருந்தது. தலைநகரில் வழக்குக் கிடையாமையால் வெளியூர்க் கோர்ட்டுகளிற் கிரிமினல் வழக்குகளை ஏற்று நடத்தினார். குறுக்கு விசாரணையில் அவர் பிற்காலத்துக் காட்டிய கூர்மை அங்குத் தீட்டப்பட்டதே என்பது என் துணிபு.

இதற்கிடையில் தந்தையார் கடனுள் ஆழ்ந்தார். பிறர்க்குப் பிணை நின்ற பொறுப்பும் சேர்ந்தது. மைந்தர் அச்சுமையில் தாமும் பங்கேற்றார். 1906-ஆம் ஆண்டு இருவரும் திவால் கோர்ட்டை அடைய நேர்ந்தது. திவாலானவன் என்னும் சொல் ஒரு குடும்பத்தின் மேல் விழுந்தால் அஃது எத்துணைச் சுடும் என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை.

இந்நிலையில் அலிப்பூர் வழக்கு எழுந்தது. 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் முசபர்ப்பூரில், கிங்ஸ்போர்டு என்னும் நீதிபதியைக் குறித்து எறிந்த வெடிகுண்டு, குற்றமொன்றும் அறியாத ஆங்கில மாதர் இருவரைக் கொன்றது. இரண்டு நாளில் போலீஸார் மாணிக்தலைத் தோட்டத்தைச் சோதித்து வாரீந்திர கோஷரையும் அவர் கூட்டத்தாரையும் பிடித்தனர். வாரீந்திரரின் தமையனாராகிய அரவிந்த கோஷரும் அவ்வாறே சிறைப்பட்டார். அரசாங்கத்தின் பக்கம் வாதிட வந்தவர் சென்னையிற் பெரும்புகழ் படைத்த நார்ட்டன் துரை. அரவிந்தருக்காக முதலில் நின்ற வக்கீல்கள் திரட்டிய நிதி தீர்ந்தவுடன் விலகினர். அப்பொழுதுதான் தாசர் அவ்வழக்கை ஏற்றார். கைப்பொருளின்றி, திவாலானவர் என்னும் பெயரோடு, பல மாதம் ஏனைய வருமானத்தைத் துறந்து அவர் உழைத்தார். வண்டியையும் குதிரையையும் விற்றார் என்பர். பழைய கடனோடு புதுக்கடனும் ஏறிற்று.

வழக்கோ மலைபோன்றது. சாக்ஷிகள் 206 பேர். தஸ்தாவேஜுகள் ஏறக்குறைய 4000. வெடிமருந்து முதலிய சான்றுப் பொருள்கள் இவற்றின் வேறு. அப்ரூவராக மாறிய நரேந்திர கோஸ்வாமியைச் சிறைக்குள்ளேயே உடன் கைதிகள் இருவர் சுட்டுக் கொன்றனர். எதிர்க்கக்ஷியார் குறுக்கு விசாரணை செய்ய இயலாது போனமையால் அவன் வாக்குமூலம் அரவிந்தருக்கு எதிராய்ப் பயன்படவில்லை. எஞ்சியவற்றுள் மிகக் கொடியது ஒரு கடிதம். இனிப்புப் பண்டங்களை நாடெங்கும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டுமென்னும் பொருள்பட, தம்பி தமையனுக்கு எழுதியதாக அது காணப்பட்டது. இனிப்பென்பது வெடிகுண்டே என்றார் நார்ட்டன்.

அக்கடிதத்தைத் தாசர் ஆராய்ந்த முறையே என் நெஞ்சை மிகவும் கவர்ந்தது. கடிதம் எழுதப்பட்டதாகச் சொல்லும் 1907 டிசம்பரில் சகோதரர் இருவரும் சூரத்து நகரிலேயே இருந்தனர். ஓரூரில் இருப்பார்க்குக் கடிதம் எற்றுக்கு? எழுதியிருப்பினும், அத்தகைய ஓலையை மாதக்கணக்காய்க் காத்து வீட்டில் வைத்துப் போலீஸார் கையிற் கொடுப்பார் உளரோ? இவற்றினும் நுட்பமானது பிறிதொன்று. கடிதத்தில் ஆங்கில முறைப்படி அன்புள்ள சகோதரர் என்று விளித்து, முடிவில் வாரீந்திரர் தம் முழுப்பெயரையும் ஒப்பமிட்டதாக இருந்தது. வங்கநாட்டில் மூன்றாம் தமையனைத் தம்பி ஸேஜ்தா என்றே அழைப்பன். வீட்டுக் கடிதத்தில் குலப்பெயரோடு ஒப்பமிடான். பள்ளியிற் கடிதம் எழுதும் பாடம் நடத்துங்கால், அண்ணனுக்கு எழுதும் சிறுவன் எவனேனும் தன் முழுப்பெயரை முடிவில் எழுதினால் வகுப்பே நகைக்கக் கண்டிருக்கிறேன். அந்நகைப்பிற்கு இடமான பிழையொன்றையே ஓர் உயிரைக் காக்கும் கருவியாக்கினார் தாசர்!

தம் கக்ஷிக்காரர் விடுதலையைப் போதித்ததை அவர் மறுக்கவில்லை. விடுதலை வேட்கையைப் பேசுதல் சட்டத்திற் குற்றமன்று. குண்டுக்கும் அவர்க்கும் தொடர்புண்டென்பதை மெய்ப்பித்தல் அரசாங்கத்தின் கடன் என்று நின்றார். அவருடைய முடிவுரை பல நாள் நீண்டது. நீதிபதி பீச்கிராப்ட் துரை, அரவிந்தரோடு ஒரே ஆண்டில் ஐ. சி. எஸ். பரீக்ஷை எழுதிக் கிரேக்க மொழியில் அவர்க்குக் கீழே நின்றவர். 1909-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் அவர் தீர்ப்புக் கூறினார். அக்கடிதத்தை நம்பத்தக்கதாகக் கொள்ளவில்லை, அரவிந்தர் விடுதலையானார். வாரீந்திரருக்கும் உல்லாஸ்கர தத்தருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலிலும் தாசர் நின்றார். அவ்வாண்டு நவம்பரில் ஹைகோர்ட்டார் இருவர் தண்டனையையும் ஆயுட்காலத் தீவாந்தரமாகக் குறைத்தனர். குற்றம் நிலைபெற்றது, உயிர் பிழைத்தது. பெருவழக்குகளில் முழு வெற்றி என்பது அரிது.

அதன் பின்னர் டாக்கா சதி வழக்கு முதலாகப் பல வந்தன. பொருளும் வெள்ளம்போற் பெருகிற்று. 1913-ஆம் ஆண்டு தாசர் மீண்டும் திவால் கோர்ட்டிற்குச் சென்றார், இம்முறை பணத்தோடு. திவாலானவரிடம் கடன் தந்தோர் வழக்காடிப் பெறும் உரிமை அற்றிருந்தும், தந்தையார் பெயராலும் தம் பெயராலும் இருந்த கடன் முழுவதையும் தீர்த்துத் திவால் உத்தரவை நீக்குவித்தார். தந்தையார் அதனைக் கண்ணாரக் கண்டு, மறு ஆண்டு மறைந்தார்.

1921-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஒத்துழையாமையை ஏற்று, அத்தொழிலை ஒருங்கே கைவிட்டார். 1925-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் டார்ஜிலிங்கில் உயிர் நீத்தார். அவர் நாட்டிற்கு ஈந்த இல்லம் மாதர்க்கான மருத்துவசாலையாயிற்று.

ஒன்று சொல்ல மறந்தேன். தாசர் கவிஞருமாவர். கடலைப் பாடிய அவரது வங்கநூல் சாகர சங்கீதம் எனப்படும். அரவிந்தர் 1910-இல் நம் புதுச்சேரிக்கு வந்து வறுமையில் வாழ்ந்த நாளில், அந்நூலை ஆங்கிலத்திற் பெயர்க்கும்படி வேண்டி 1000 ரூபா கொடுத்தார் தாசர். கூலியின்றி மீட்ட கக்ஷிக்காரருக்கு வக்கீல் கூலி கொடுத்தார். அரவிந்தரும் பெயர்த்துக் கொடுத்தார்.