கைலாசபதி விட்டுச்சென்ற அளவுகோல்

நமது நூல் வெளியீட்டு விழாக்களில் பாராட்டுரைகளுக்குக் குறைவில்லை. பொன்னாடை உண்டு, மலர்மாலை உண்டு; நூலின் குறையை எடுத்துரைப்பவருக்கு மட்டும் மேடையில் இடமில்லை. புகழ்பவர் நண்பர், குறை காண்பவர் பகைவர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வேளையில் பேராசிரியர் க. கைலாசபதியின் வாழ்வை நினைவுகூர்வது பயனுடையது.

1933 ஏப்ரல் 5 ஆம் நாள் கோலாலம்பூரில் பிறந்த கைலாசபதி, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் யாழ்ப்பாணம் வந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்றார். எனினும் அவரது ஆய்வுள்ளம் உருப்பெற்ற இடம் கண்டிக்கு அண்மையில், ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலி கங்கைக் கரையில் அமைந்த பேராதனைப் பல்கலைக்கழகமே. க. கணபதிப்பிள்ளை, வி. செல்வநாயகம், சு. வித்தியானந்தன் ஆகியோர் அங்கு அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். கா. சிவத்தம்பி அக்காலத்துத் தோழர். 1957 இல் முதல் வகுப்பில் தேறி வெளியேறியவர், விரிவுரை மண்டபத்தை அல்ல, பத்திரிகைக் காரியாலயத்தையே முதலில் நாடினார்.

1959 முதல் 1961 வரை அவர் தினகரன் ஆசிரியராக விளங்கினார். ஈழத்து மண்ணையும் மக்களையும் எழுதிய புதிய படைப்பாளிகளுக்கு அப்பத்திரிகையின் பக்கங்கள் திறந்தன. சாதிக் கொடுமைக்கு ஆளானோரின் வாழ்வும் அவர்தம் பேச்சுமொழியும் கதைகளில் இடம்பெற்றபோது, மரபுவழிப் பண்டிதர்கள் அதனை இழிசனர் இலக்கியம் என ஒதுக்கினர். 1960 களின் தொடக்கத்தில் மூண்ட இந்த மரபுப் போராட்டத்தில் கைலாசபதியும் சிவத்தம்பியும் எழுத்தாளர் பக்கம் நின்று வாதிட்டனர். மரபு என்பது உறைந்து கிடப்பதன்று, காலந்தோறும் மாறி வளர்வது என்பதை இலக்கிய வரலாற்றைக் கொண்டே நிறுவ முயன்றனர்.

1961 இல் விரிவுரையாளராகப் பேராதனைக்குத் திரும்பிய அவர், பின்னர் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் கலாநிதிப் பட்டத்திற்காக ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகக் கவிதைகளோடு ஒப்பிட்டு, அவற்றை வாய்மொழி மரபில் தோன்றியவையாகக் கண்ட அவ்வாய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. அதே ஆண்டில் வெளியான 'தமிழ் நாவல் இலக்கியம்', ஒரு படைப்பு எந்தச் சமூகச் சூழலில், எவருடைய நோக்கிலிருந்து எழுந்தது என்னும் கேள்வியை வாசகர் முன் வைத்தது. அதுவரை நயம் பாராட்டுதலே பெரும்பாலும் திறனாய்வு எனக் கருதப்பட்டு வந்தது.

பிறர் படைப்பை எடைபோட்டவர் தாமும் எடைபோடப்பட்டார். வாய்மொழிக் கொள்கையை அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் ஹார்ட் ஏற்கவில்லை. சங்கப் புலவர்கள் பாணர் மரபைப் பின்பற்றி எழுதிய கல்வியறிவுடையோர் என்பது அவர் முடிவு. மு. தளையசிங்கம் முற்போக்குத் திறனாய்வின் குறுகிய எல்லைகளைச் சுட்டினார். எஸ். பொன்னுத்துரை அவ்வணியிலிருந்தே பிரிந்து சென்றார். தமிழகத்தில் வெங்கட் சாமிநாதன் நாவல் நூலைக் கடுமையாகத் தாக்கினார். அதற்கு எம்.ஏ. நுஃமான் விரிவான மறுப்பு எழுதினார்.

அந்த நுஃமானே பிறிதோரிடத்தில் கைலாசபதியின் குறையையும் மறைக்கவில்லை என்பதுதான் இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது. அன்றாட வாழ்வையும் பேச்சோசையையும் கவிதைக்குள் கொணர்ந்த 'மஹாகவி' து. உருத்திரமூர்த்தி, 'குறும்பா', 'கண்மணியாள் காதை' முதலிய நூல்களைத் தந்து 1971 இல் காலமானார். அணி சார்ந்த நோக்கினால் அக்கவிஞருக்கு உரிய இடம் முற்போக்குத் திறனாய்வாளரால் அளிக்கப்படவில்லை என்பதை எதிரணியினர் மட்டுமன்றி, கைலாசபதியின் அணுகுமுறையை மதித்தவர்களும் எழுதினர். சமூகப் பயன் என்னும் அளவுகோலைக் கூர்மையாகப் பயன்படுத்தியவரின் கண்ணுக்கு, தம் அணிக்கு வெளியே நின்ற பெருங்கவிஞர் ஒருவர் முழுமையாகப் புலப்படவில்லை. இது சிறு குறையன்று. உயிரோடிருக்கையில் உரிய மதிப்பைப் பெறாத கவிஞனுக்குப் பிற்காலப் புகழ் ஈடாகாது.

1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற கைலாசபதி, 1982 டிசம்பர் 6 ஆம் நாள் தமது 49 ஆவது வயதில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவரைக் குறைகளற்றவராகப் போற்றுவது அவருடைய பணிக்கே முரணாகும். படைப்பைக் காரணங்காட்டி மதிப்பிடுக என்று கற்பித்தவரை அதே முறையில் மதிப்பிட்ட நுஃமான், பின்னர் பேராதனைத் தமிழ்த்துறையிலேயே பேராசிரியராக விளங்கினார். ஓர் ஆசானுக்குச் செய்யத்தக்க மரியாதை அதுவே. ஆளை விடுத்து எழுத்தை நோக்குவதும், காரணத்தோடு குறை கூறுவதும், கூறப்பட்ட குறையைப் பொறுமையுடன் ஆராய்வதும் நம் விழா மேடைகளில் வழக்கமாகும் நாளில்தான் ஈழத்துத் திறனாய்வு மீண்டும் உயிர்பெறும்.