வழக்குத் தமிழுக்கு இலக்கணம் கண்ட வீரமாமுனிவர்

ஒரு மொழியின் இலக்கணத்தை ஐயமறக் கற்றவர்க்கும் அம்மொழியின் அன்றாடப் பேச்சு எளிதில் கைவருவதில்லை. விடைபெறும் விருந்தினர் ‘போய் வருகிறேன்’ என்றால், அவர் உடனே திரும்புவார் என்றெண்ணி அயல்மொழியாளர் காத்திருக்கக்கூடும். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்பதற்கு மிக எளிய செயல் என்று பொருள் அறியாத நம் மாணவரின் நிலையும் அதுவே. கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சி போன்ற ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர், ஆங்கிலத் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றும் நேர்முகத் தேர்வில் நாவெழாது நிற்கின்றனர். இன்னோர்க்கு நல்வழி காட்டுவது வீரமாமுனிவரின் வாழ்க்கையாகும்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயற்பெயருடைய இவர், 1680ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுக் காஸ்திகிளியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவா வந்திறங்கி, அடுத்த ஆண்டு தமிழகம் அடைந்தார். அப்போது அவருக்கு அகவை முப்பது. நாவும் செவியும் தாய்மொழிக்கே பழகிவிட்ட அவ்வயதில்தான் அவர் தமிழ் கற்கத் தொடங்கினார்.

புலவர் போற்றும் செந்தமிழில் அவர் எய்திய உயரத்தை நாடறியும். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி 3615 பாடல்களால் ஆயது. 1730இல் தொன்னூல் விளக்கமும், 1732இல் சதுரகராதியும் தோன்றின. காப்பியம் பாடிய புலமையோடு அவர் அமைந்துவிடவில்லை. ஏலாக்குறிச்சியில் தம்மை நாடி வந்த எளிய மக்களோடு உரையாடக் காப்பியத் தமிழ் உதவாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். கற்றோர் பலர் பொருட்படுத்தாத பேச்சு வழக்கைக் கொடுந்தமிழ் எனப் பெயரிட்டு, அதற்கென இலத்தீன் மொழியில் தனி இலக்கணமே வகுத்தார். 1728இல் எழுதி முடித்த அந்நூல் 1738இல் தரங்கம்பாடி அச்சகத்தில் வெளிவந்தது. அவ்வச்சகத்தை நடத்தியோர், அவர் சமயக் கொள்கையில் எதிர்த்து வாதிட்ட லுத்தரன் சபையினர்! கொள்கையில் மாறுபட்டோரும் அந்நூலின் பயனை மறுக்கவில்லை.

விதிகளைக் கற்றால் மட்டும் பேச்சு வந்துவிடாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அதனாலன்றோ நகைச்சுவை ததும்பும் பரமார்த்த குருவின் கதையை எழுதினார்! மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் ஆற்றைக் கண்டு அஞ்சுவதும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென நம்புவதும் பேச்சுத் தமிழை அயலார்க்குச் சிரிக்கச் சிரிக்கக் கற்பித்தன. இக்கதையை பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டார்.

1747இல் மறைந்த அப்பெருமகனுக்கு 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை எழுப்பப்பட்டது.

மாணவச் செல்வங்களே! பன்மொழிப் புலவரான அவரே உழவரும் வணிகரும் பேசிய பேச்சைச் செவிகொடுத்துக் கேட்டுக் கற்றார். ஆங்கிலத்தின் அன்றாட வழக்குகளையும் அவ்வாறே கற்றல் வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பொருள் தேடாமல், எவர் எவரிடம் எப்போது அவ்வாறு கூறினார் என்று நோக்குங்கள். கேட்டதைக் குறித்து வைத்து நண்பரிடம் பேசிப் பழகுங்கள். எளிய கதைகளை உரக்கப் படியுங்கள். மலையடி ஊரில் பிறந்ததோ வீட்டில் ஆங்கிலம் இல்லாததோ தடையன்று. முப்பது அகவையில் கடல் கடந்து வந்தவர்க்கு வாய்த்த மொழி, முயன்றால் உங்களுக்கும் வாய்க்கும்.