விடியலில் எழும் இசை

தம்புராவின் சுருதியின்மீது வயலின் ஒன்று மெல்ல எழும். சில நொடிகளே நீளும் அவ்விசைக்குப் பின்னரே அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சிகள் தொடங்கும். தொலைக்காட்சி வாராத நாளில், பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் உழவரை எழுப்பிய சேவலுக்கு அடுத்த குரல் இதுவே எனலாம். சிவரஞ்சனி இராகச் சாயலில் அமைந்த இதனை ஆக்கியவர் வேறொருவர் என்பாரும் உளர். எனினும், வால்டர் காஃப்மன் என்னும் யூத இசைஞரே என்பது பெரும்பான்மையோர் முடிபு.

காஃப்மன் 1907ஆம் ஆண்டு, இன்று செக் நாட்டில் உள்ள கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்தார். பெர்லினில் இசை பயின்றார். பிராகு நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மாலர் என்னும் இசைமேதையைப் பற்றி ஆய்வேடு எழுதினார். பட்டம் கைக்கு எட்டும் நிலையில், தம் ஆய்வு நெறியாளர் நாஜி இளைஞர் அமைப்பில் பொறுப்பு வகிப்பவர் என அறிந்து, அப்பட்டத்தையே வேண்டாவென மறுத்தார். ஹிட்லர் ஆட்சியேறிய மறு ஆண்டு, 1934இல், பம்பாய்க்குக் கப்பலேறினார். நுழைவு அனுமதி எளிதில் கிடைத்த நாடு இந்தியா என்பதே அதற்குக் காரணம். கீழை இசையின்மீதான காதலன்று.

முதன்முதல் கேட்டபோது இந்திய இசை அவருக்கு விளங்கவில்லை. ஆயின், இத்தனை மக்கள் உருகிக் கேட்கும் கலையில் குறை இருத்தல் இயலாது, குறை தம் செவியிலேதான் எனத் தெளிந்து கற்கத் தொடங்கினார். மெஹ்லி மேத்தா முதலியோருடன் இசைக்குழு அமைத்து வாரந்தோறும் மேலை இசை வழங்கினார். 1937 முதல் பம்பாய் வானொலியில் மேலை இசைப் பிரிவை நடத்தினார்.

அவர் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் காஃப்காவின் தமக்கையாகிய எல்லியின் என மயங்குதல் வேண்டா, காஃப்காவே மூத்தவர். எல்லி அவருக்கு அடுத்துப் பிறந்த தங்கை. அவர் மகளே கெர்ட்டி. பெற்றோரும் உற்றாரும் பிராகில் இருக்க, இடையே கடல் கிடந்தது. மடல்களே உறவைத் தாங்கின. 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகினுள் புகுந்தது. செப்டம்பரில் போர் மூண்டதும், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவுக்குப் பிராகு பகைநிலம் ஆயிற்று. நேரடி அஞ்சல் நின்றது. எஞ்சியது செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்தித்தாள் ஒன்றே. அதில் இருபத்தைந்து சொற்களுக்கு மேல் எழுதலாகாது. குடும்ப நலம் தவிரப் பிற எழுதலாகாது. ஜெனீவா வழியாகத் தணிக்கைகள் பல கடந்து அது சேர மாதங்கள் பல ஆகும். நலம் என எழுதியவர், அது படிக்கப்படும் நாளில் நலமாக இருந்தாரா என்பதை எவர் அறிவார்? 1941இல் எல்லி போலந்தின் வூட்ஜ் நகர யூதர் சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவரும் அவர் தங்கையர் இருவரும் போர் முடியக் காண உயிருடன் இல்லை.

அதே 1939இல் வில்லி ஹாஸ் என்னும் எழுத்தாளரும் பிராகிலிருந்து பம்பாய் வந்து சேர்ந்தார். மிலேனா என்பவருக்குக் காஃப்கா எழுதிய மடல்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றைப் பிராகிலேயே விட்டு வந்தார். அம்மடல்கள் பிழைத்தன, 1952இல் நூலாகவும் வெளிவந்தன. தாளுக்குக் கிடைத்த புகலிடம் தங்கையர்க்குக் கிடைக்கவில்லை.

1946இல் காஃப்மன் இந்தியாவை விட்டு நீங்கினார். கனடாவின் வின்னிபெக் இசைக்குழுவை நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஒருகால் விளங்காத இசைக்கு அவர் எழுதிய நூல்கள் பெரியவை. வட இந்திய இராகங்களைப் பற்றிய நூல் 1968இலும், தென்னிந்திய இராகங்களை வகுத்துரைக்கும் நூல் 1976இலும் வெளிவந்தன. 1984இல் புளூமிங்டன் நகரில் அவர் மறைந்தார். அன்றும் இந்திய வானொலி நிலையங்களில் அந்த வயலின் ஒலித்துக்கொண்டிருந்தது.