நெய்யூர் டாக்டரும் ரேடியமும்

நெய்யூர் ஆஸ்பத்திரி என்றால் நம்ம மாவட்டத்துப் பெரியவர்கள் சாமர்வெல் டாக்டர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கும் அவர் நினைவே வந்தது. மருத்துவமனைகளில் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதும் ஒரு காரணம்.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் பிறந்தார். முதல் உலகப் போரில் ராணுவ டாக்டர். 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்தவர், ஊர் சுற்றிப் பார்க்கையில் நெய்யூரை அடைந்தார். லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் அத்தனை கூட்டத்தையும் ஒரே டாக்டர் திணறியபடி கவனிப்பதைக் கண்டார். லண்டனில் கிடைக்கவிருந்த நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே சுமார் 28,000 அடி ஏறினார்.

அன்றைய திருவிதாங்கூரில் வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று அதிகம். நெய்யூரில் கத்தியோடு ரேடியமும் கைகொடுத்தது. ரேடியம் அடைத்த ஊசிகளைக் கட்டியில் செருகி வைப்பார்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரம் என்று பெருக்கினால் அதுவே அளவு. குறைந்தால் புற்று திரும்பும். கூடினால் நல்ல சதையும் செத்துப்போகும். ஊசிகளை எப்படி அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். அதற்கு ஒழுங்கான அட்டவணையை மான்செஸ்டரில் பேட்டர்சனும் பார்க்கரும் 1934-ல்தான் வெளியிட்டார்கள்.

பின்னாளில் சாமர்வெல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை கற்பித்தார். 1975-ல் இங்கிலாந்தில் காலமானார். அதே ஆண்டில்தான் 'கிரே' என்ற அலகை உலகம் ஏற்றது. ஒரு கிலோ உடல் ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே.

அலகு வந்துவிட்டதால் கவலை தீர்ந்ததா? இல்லை. ரேடியம் பாதியாகக் குறைய 1,600 வருஷம் ஆகும். பின்னால் வந்த கோபால்ட்-60 அப்படியில்லை. மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் வீரியம் குறையும். கணக்கைத் திருத்தாமல் விட்டால் நோயாளிக்குச் சிகிச்சை குறைந்துபோகும். அது அவருக்குத் தெரியவே தெரியாது. வலிக்காது, சுடாது. மீட்டரைப் பார்க்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

லேபில் விடை வரவில்லையென்று ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ணும் தம்பி தங்கைகளே, நாளைக்கு அந்த மீட்டருக்கு முன்னால் நிற்கப்போவது உங்களில் ஒருவராக இருக்கலாம். வருகிற எண்ணை வந்தபடியே எழுதப் பழகுங்கள். சாமர்வெல் டாக்டர் வேலை பார்த்த மண்ணில் படித்த நாம் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை அது.