குரோமோசோமுக்கும் 'முகவரி' உண்டு: 1909-லேயே சொன்ன தியோடர் போவரி யார்?

சில குழந்தைகள் கட்டைவிரல் பக்கம் கூடுதலாக ஒரு விரலோடு பிறக்கின்றன. கருவில் விரல்களை உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகிப்பது எஸ்ஹெச்ஹெச் என்ற மரபணு. ஆனால், இந்தக் குழந்தைகள் பலரிடம் அந்த மரபணுவில் ஒரு பிழையும் இருக்காது. பிழை இருப்பது அங்கிருந்து சுமார் 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, அந்த மரபணுவுக்கான 'சுவிட்ச்'சில்!

அவ்வளவு தூரத்தில் இருக்கும் சுவிட்ச் இந்த மரபணுவை எப்படி இயக்குகிறது? இதற்கான பதிலைத் தேடிப் போனால், டிஎன்ஏவின் வடிவம் தெரிவதற்குக் கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் முன்பே இறந்துபோன ஒரு ஜெர்மன் விஞ்ஞானியிடம் போய் நிற்போம்.

யார் இந்த போவரி?

தியோடர் போவரி 1862-ல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் பிறந்தவர். இவருடைய தம்பி வால்டர் போவரி 1891-ல் சார்லஸ் பிரவுனோடு சேர்ந்து தொடங்கிய மின்சாதன நிறுவனம்தான், பின்னாளில் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து இன்றைய ஏபிபி ஆனது. தம்பி மின்சாரத்தின் பக்கம் போக, அண்ணன் மைக்ரோஸ்கோப்பின் பக்கம் வந்தார். அதுவும் நேராக வரவில்லை. மியூனிக்கில் முதலில் சேர்ந்தது வரலாறும் தத்துவமும் படிக்க!

1893-ல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் ஆனார். அங்கே ஆராய்ச்சி செய்ய வந்த அமெரிக்க உயிரியலாளர் மார்செல்லா ஓ'கிரேடியை 1897-ல் திருமணம் செய்துகொண்டார். அதன்பின் ஆய்வுகளிலும் இருவரும் கூட்டாளிகள்தான்.

குதிரையின் குடற்புழு சொன்ன ரகசியம்

மனித செல்லில் இருப்பது 46 குரோமோசோம்கள். குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவின் கருவுற்ற முட்டையில் இரண்டோ நான்கோதான். எண்ணுவதும் பின்தொடர்வதும் சுலபம். அதனால்தான் போவரி அதைத் தேர்ந்தெடுத்தார்.

அன்றைக்கு இருந்த பெரிய சந்தேகம் இது: செல் பிரியும்போது மட்டும்தான் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். பிரிந்து முடிந்ததும் எல்லாம் கலங்கலாகிவிடும். அப்படின்னா, அவை கரைந்துபோய் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகின்றனவா?

போவரி முட்டை முட்டையாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே செல்லில் இருந்து பிரிந்த இரண்டு செல்களிலும் குரோமோசோம்கள் ஒரே மாதிரி அடுக்கில் திரும்ப வெளிப்பட்டன. வேறு முட்டைகளில் அடுக்கு வேறாக இருந்தது. நடுவில் கரைந்துபோயிருந்தால் இந்த ஒற்றுமை வர வாய்ப்பே இல்லையே! ஆக, கண்ணுக்குத் தெரியாத நேரத்திலும் ஒவ்வொரு குரோமோசோமும் உட்கருவுக்குள் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று 1909-ல் எழுதினார். 1885-லேயே கார்ல் ராப்ல் யூகித்திருந்த விஷயம்தான். அதற்கு வலுவான ஆதாரம் கொடுத்தவர் போவரி.

இதற்கு முன்பே, 1902-ல், கடல் முள்ளெலியின் ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணுக்களை நுழையவைத்து, குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கு போன கருக்கள் சரியாக வளராததைக் காட்டியிருந்தார். குரோமோசோம் கணக்கு குலைவதே புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 1914-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

பெர்லினில் ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு தேடி வந்தது. உடல்நிலை இடம்கொடுக்காததால் மறுத்துவிட்டார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915-ல், 53 வயதில் இறந்தார். புற்றுநோய் புத்தகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் மார்செல்லா.

இடியாப்பமா, தனித்தனி அறைகளா?

பிறகு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்தது. அதில் பார்த்தால் உட்கருவுக்குள் எல்லைகள் எதுவும் தெரியவில்லை. உள்ளே எல்லாம் இடியாப்பம் போலப் பின்னிக் கிடக்கிறது என்று பலர் நம்பத் தொடங்கினார்கள். போவரியின் கருத்து ஓரங்கட்டப்பட்டது.

1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் தாமஸ் கிரெமர், கிறிஸ்டோப் கிரெமர் சகோதரர்கள் ஹாம்ஸ்டர் செல்லின் உட்கருவில் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் லேசரால் தாக்கிப் பார்த்தார்கள். இடியாப்பமாக இருந்தால் பல குரோமோசோம்களிலும் கொஞ்சம் கொஞ்சம் சேதம் இருக்க வேண்டும். ஆனால், சேதமானவை ஒரு சிலதான். 70 ஆண்டுகளுக்குப் பிறகு போவரி சொன்னது நிரூபணமானது.

சரி, இதற்கும் விரலுக்கும் என்ன தொடர்பு?

சுவிட்ச்கள் பற்றி போவரிக்குத் தெரியாது. அது பின்னால் வந்தவர்களின் கண்டுபிடிப்பு. டிஎன்ஏ இழை மடிந்து வளையும்போது, தூரத்தில் இருக்கும் சுவிட்ச் தன் மரபணுவின் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒவ்வொரு குரோமோசோமுக்குள்ளும் சின்னச் சின்ன 'அறைகள்' இருப்பது 2012-ல் எலி, மனித செல்களில் தெரியவந்தது. ஒரு சுவிட்ச் பெரும்பாலும் தன் அறைக்குள் இருக்கும் மரபணுக்களோடுதான் பேசும்.

நடுச்சுவர் இடிந்தால்? 2015-ல் பெர்லினில் ஸ்டெஃபான் முண்ட்லோஸ் குழு அதைச் சோதித்தது. விரல் குறைபாடு உள்ள குடும்பங்களில் கண்ட டிஎன்ஏ மாற்றங்களை எலிகளில் உருவாக்கினார்கள். சுவர் போனதும், சுவிட்ச் பக்கத்து அறை மரபணுவைத் தவறாக இயக்கியது. விரல்கள் கோணலாகவும் குட்டையாகவும் வளர்ந்தன. தவறாக இயங்கிய மரபணுவிலோ ஒரு எழுத்துகூட மாறவில்லை.

குறைபாட்டோடு பிறந்த குழந்தையின் மரபணுப் பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தால், தேடல் அங்கேயே முடிவதில்லை. மரபணு எங்கே இருக்கிறது, அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் இப்போது பார்க்கிறார்கள். குதிரைப்புழுவின் முட்டையை வைத்துக்கொண்டு போவரி கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.