மலையடிவாரத்தில் மறுபிறவி எடுத்த காப்பியம்

சேர்வராயன் மலையின் உச்சியிலே ஒரு கோயில். கோயில் என்றதும் கோபுரத்தை எண்ணிவிடாதீர்கள். 5,300 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்த ஒரு குகை அது. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். ஆண்டுதோறும் மே மாதத்திலே மலைவாழ் மக்கள் கூடி விழா எடுக்கிறார்கள். அந்தக் குகை காவிரி வரை நீண்டு செல்கிறது என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. போய்ப் பார்த்துத் திரும்பியவர் யார் என்று கேளுங்கள், பதில் வராது. கதை உண்டு, சாட்சி இல்லை!

அதே மலையின் அடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையிலே, கதைகளுக்குக் கண்கண்ட சாட்சியைத் தயாரித்துக் கொடுத்த ஒரு தொழிற்கூடம் இருந்தது. கல் பெண்ணாக வேண்டுமா? ஆகும். ஒருவன் இருவராக வேண்டுமா? ஆவான். கட்டணம் சில அணாக்கள்தான். அந்தக் கூடத்தின் பெயர் மாடர்ன் தியேட்டர்ஸ். அதை உருவாக்கி ஆண்டவர் டி. ஆர். சுந்தரம். அவர் வாழ்க்கையைத் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பழைய கதையை இன்றைய மனிதன் கையில் எடுத்தால் என்ன நேரும், என்ன நேரவேண்டும் என்ற கேள்விக்கு அதிலே விடை இருக்கிறது.

சுந்தரம் 1907-ஆம் ஆண்டு பிறந்தவர். திருச்செங்கோட்டுக்காரர். நூலும் நெசவும் குடும்பத் தொழில். அந்தத் தொழிலைப் புது முறையில் கற்றுவர இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லீட்ஸ் நகரிலே நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். ஆங்கில மங்கையொருத்தியை மணந்து ஊர் திரும்பினார். கடல் கடந்தால் சாதி போகும் என்று பஞ்சாங்கத்தைக் காட்டி மிரட்டிய காலத்தின் நிழல் முற்றும் மறையாத நாட்கள் அவை. மிரட்டலுக்கு அஞ்சியவரல்ல சுந்தரம்.

நெசவு படித்தவர் நெசவாலைதானே கட்டியிருக்க வேண்டும்? கட்டவில்லை. பேசும் படம் அப்போதுதான் தமிழகத்துக்கு வந்திருந்தது. ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற சேலத்து நிறுவனத்தில் கூட்டாளியானார். 1934-இல் அங்கிருந்து வெளிவந்த படம் திரௌபதி வஸ்திராபகரணம். தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய காலம் அது. ஊரிலே உழைப்பாளி இருக்கிறான், நடிகன் இருக்கிறான், பார்ப்பவனும் இருக்கிறான். படம் எடுக்கும் இடம் மட்டும் வெளியூரிலா என்ற கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. விடையாக எழுந்ததுதான் மலையடிவாரத்து மாடர்ன் தியேட்டர்ஸ்.

ஆலையை நடத்துவதுபோல் அதை நடத்தினார். படப்பிடிப்புக் கூடம், ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவும் கூடம் எல்லாம் ஒரே மதிலுக்குள். தச்சரும் மின்சாரத் தொழிலாளியும் மட்டுமல்ல, நடிகரும் எழுத்தாளரும்கூட மாதச் சம்பளக்காரர்கள். மணி அடித்தால் வேலை தொடங்கவேண்டும். தாமதமாக வருபவர் எத்தனை பெரிய நட்சத்திரமானாலும் முதலாளியின் முகம் சுளிக்கும். கண்டிப்புக்காரர் என்ற பெயர் அவருக்குக் கடைசிவரை நிலைத்தது.

மாடர்ன் தியேட்டர்சின் முதல் படம் எது தெரியுமா? 1937-இல் வந்த சதி அகல்யா. இலங்கையிலிருந்து வந்த தவமணிதேவி அகலிகையாக நடித்தார். கதையைத்தான் நாம் அறிவோமே! ஏமாற்றியவன் இந்திரன். ஏமாந்தவள் அகலிகை. சாபமிட்டவன் முனிவன். கல்லானவள் யார்? ஏமாந்தவள்! எவனோ ஒருவன் கால் வந்து படும்வரை அவள் கல்லாகக் கிடக்கவேண்டும். இதுதான் புராணம் வழங்கிய நீதி. அதைத்தான் லீட்ஸ் நகரில் படித்துவந்தவரும் முதல் சரக்காக விற்றார். 1939-இல் மாணிக்கவாசகர் எடுத்தார். தண்டபாணி தேசிகர் நடித்தார். நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் அந்தக் கதையோடு ஒட்டிப் பிறந்தது.

இங்கே சற்று நிற்போம். நரி பரியாவதும், கல் பெண்ணாவதும் திரையிலே எப்படி நடக்கும்? கேமராவை நிறுத்து. கல்லை எடு. பெண்ணை நிற்க வை. மீண்டும் கேமராவை ஓட்டு. அவ்வளவுதான் அற்புதம்! 1940-இல் சுந்தரம் உத்தம புத்திரன் எடுத்தபோது, பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். தமிழ்த் திரைக்கு அது புதுமை. ஒரு சின்னப்பாவோடு இன்னொரு சின்னப்பா பேசுவதைக் கண்டு மக்கள் மலைத்தார்கள். கண்ணாடியின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறை, படச்சுருளைப் பின்னுக்குச் சுற்றி மறு பாதியை மறைத்து இன்னொருமுறை என்று படம் பிடிக்கும் வித்தை அதற்குப் போதும். வரம் தேவையில்லை, தவம் தேவையில்லை. கை நடுங்காத ஒரு தொழிலாளி தேவை!

புராணீகர் ஆயிரம் ஆண்டு கதா காலட்சேபம் செய்தும் காட்டமுடியாததை, சம்பளம் வாங்கும் தொழிலாளி ஒரே பகலில் காட்டினான். காட்டியதோடு நிற்கவில்லை. அது எப்படி நடந்தது என்பதையும் அவன் அறிவான். அறிந்தவன் வீட்டிலே அற்புதத்துக்கு மதிப்பு ஏது? புராணப் படம் எடுத்த கூடமே புராணத்தின் மாயத்தை அவிழ்க்கும் பள்ளிக்கூடமும் ஆனது. முதலாளி அதை எண்ணிச் செய்தாரா என்றால், இல்லை. விளைவு அதுதான்.

ஆண்டுகள் உருண்டன. 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் இதே சேலத்துக் கூடத்திலிருந்து போயிற்று. பர்மா ராணி போன்ற போர்க்காலப் படங்களும் வந்தன. பிறகு 1950. திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்து ஓராண்டு நிறையாத நேரம். இருபத்தைந்தைத் தாண்டிய ஓர் இளைஞர் எழுதிய மேடை நாடகத்தைச் சுந்தரம் படமாக்கினார். இளைஞர் மு. கருணாநிதி. படம் மந்திரிகுமாரி. இயக்கியவர் தமிழறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன், அவரோடு சுந்தரமும். கதையின் வேர் குண்டலகேசி.

ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்று குண்டலகேசி. நாதகுத்தனார் பாடிய பௌத்த நூல். முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு காப்பாற்றித் தந்தவை 19 பாடல்கள். கதையை நமக்குச் சொல்வதோ, அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியின் உரை. கொலைக்களம் செல்லும் கள்வனைக் கண்டு காதல்கொள்கிறாள் வணிகன் மகள். தந்தை அவனை மீட்டு மணம் முடிக்கிறான். பின்னர் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்லத் துணிகிறான் கணவன். சாகுமுன் வலம் வருகிறேன் என்று சுற்றிவந்து, பின்னிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள் அவள். பிறகு துறவியாகி, ஊர் ஊராகச் சென்று வாதம் புரிகிறாள்.

மந்திரிகுமாரியில் வணிகன் மகள் அமைச்சன் மகளானாள். அமுதவல்லியாக மாதுரிதேவி. கள்வன், இராஜகுருவின் மகனானான். பார்த்திபனாக எஸ். ஏ. நடராஜன். இராஜகுருவாக நம்பியார். தளபதியாக எம். ஜி. ஆர். உயிர்நாடியான அந்த மலையுச்சி மட்டும் மாறவில்லை.

ஐயம் எழுப்பினோர் உண்டு. எழுப்பட்டும், ஐயம் நமக்குப் பகையல்லவே! மூன்று ஐயங்களை எடுத்துக்கொள்வோம்.

புலவரின் ஐயம் முதலாவது. 19 பாடலை வைத்துக்கொண்டு காப்பியத்தை எப்படி மீட்பது, இது குண்டலகேசியே அல்லவே என்பது. உண்மை. அல்லதான். இதுதான் மூலம் என்று படம் சத்தியம் செய்யவுமில்லை. நாதகுத்தனாரும் அந்தக் கதையைத் தாமே கண்டவரல்லர். பாலி மொழியில் வழங்கிய பௌத்தக் கதையைத் தமிழாக்கிப் பாடியவர். நீலகேசி ஆசிரியர் அதற்கு எதிர்நூலே எழுதினார். கதைக்குக் கதையால் விடை தருவது பழந்தமிழர் பண்பு.

வைதீகரின் ஐயம் இரண்டாவது. கள்வனை இராஜகுருவின் மகனாக்கியது காழ்ப்பு, கழகத்துக் கைச்சரக்கு என்பது. பௌத்தத் துறவியர் பாடிய தேரிகாதையின் பழைய உரையைப் புரட்டிப் பார்க்கட்டும்! அங்கே அந்தக் கள்வன் யார்? அரசனின் புரோகிதன் பெற்ற பிள்ளை! ஈரோட்டில் எழுதியதல்ல, காஞ்சியில் கற்பித்ததல்ல. நூற்றாண்டுகளுக்கு முன் பிக்குகள் எழுதிவைத்தது. புதுமை என்று பழித்தது பழமையாக இருந்தது. படிக்காமல் பழித்தவர் நிலை என்ன?

மூன்றாவது ஐயம் நம்மவருடையது. சுந்தரம் கொள்கைக்காரரா, புராணம் விற்றபோது புராணம், பகுத்தறிவு விற்றபோது பகுத்தறிவு, வணிகர்தானே என்பது. ஆம், வணிகர்தான். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பெட்டி திறந்தது எதைக் காட்டுகிறது? 1937-இல் அகலிகையைப் பார்க்கக் காசு கொடுத்த மக்கள், 1950-இல் அமுதவல்லியைப் பார்க்கக் காசு கொடுத்தார்கள். பதின்மூன்று ஆண்டு இடைவெளி. கல்லாகிக் காலுக்குக் காத்திருந்தவள் போய், கொல்ல வந்தவனைத் தள்ளிவிட்டவள் வந்தாள். ஊர் ஊராய் மேடை போட்டுத் தொண்டை வறளப் பேசியவர்களும், வாசகசாலையில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஏடு படித்துக்காட்டியவர்களும் மாற்றியது மக்கள் மனத்தை. அந்த மாற்றத்தை முதலில் மோப்பம் பிடித்தவர் இந்த வணிகர். மோப்பம் பிடித்ததற்கு அவரைப் பாராட்டலாம். மணத்தை உண்டாக்கியவர்களை மறக்கலாகாது.

அதே 1950-இல் பாரதிதாசனின் எதிர்பாராத முத்தம், பொன்முடி என்ற படமாயிற்று. 1952-இல் பாரதிதாசன் எழுத, வளையாபதி வந்தது. அதுவும் 72 பாடல்கள் அளவிலே எஞ்சிய காப்பியம்தான். தொலைந்துபோன இரு காப்பியங்களின் பெயரைப் பாமரரும் உச்சரிக்க வைத்தது மலையடிவாரத்துக் கூடம். 1956-இல் அலிபாபாவும் 40 திருடர்களும் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப் படமாயிற்று. 1963 ஆகஸ்டு 30-இல் சுந்தரம் மறைந்தார். வயது 56. மகன் பொறுப்பேற்றார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த அந்தக் கூடம் பின்னர் ஓய்ந்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டுமே மிச்சம்.

பழங்கதை கோயில் சிலையல்ல, தொட்டால் தீட்டாக. உழுது பயிரிடவேண்டிய நிலம் அது. யார் உழுகிறார் என்பதைப் பொறுத்தது விளைச்சல். அகலிகையும் பழங்கதைதான், குண்டலகேசியும் பழங்கதைதான். ஒன்று பெண்ணைக் கல்லாக்கியது, மற்றது அவளுக்குக் கையைத் தந்தது. தோழனே, நாளை ஒரு பழங்கதையைப் புதுச் சட்டை போட்டு எவரேனும் உன்முன் கொண்டுவந்தால், தொழுது விழவும் வேண்டாம், தூற்றி ஓடவும் வேண்டாம். மூன்று கேள்வி கேள்: மூலத்தைப் படித்தாயா? எதை மாற்றினாய்? மாற்றியதால் வாழப்போவது யார்? விடையைக் கேட்டபின் கைதட்டு, அல்லது எழுந்து போ. நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்தவன் நீ.