முடிகொண்டவன் தந்த முடி

நெட்டுக்குப்பத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் திருவொற்றியூர். அங்கு ஆதிபுரீசுவரர் கருவறையின்மேல், யானையின் பின்புறம் போல வளைந்தெழும் விமானம் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கற்றளியாகும். சதுரானன பண்டிதர் விருப்பத்தின்படி இரவி என்னும் வீரசோழத் தச்சன் அதனை எடுத்தான். கொற்றவன் பெயரோடு தச்சன் பெயரும் கல்லில் நிலைத்தது.

முதலாம் இராசராசனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகனாகப் பிறந்த இராசேந்திரனுக்கு, 1012-இல் தந்தை தாம் வாழும்போதே பட்டம் சூட்டி ஆட்சியில் பங்கு தந்தார். 1014 முதல் அவன் தனியே ஆண்டான்.

பிறர் முடிகளைக் கொள்வது அக்கால வேந்தரின் பெருமிதம். பாண்டியர் ஈழத்தில் அடைக்கலமாக வைத்த முடியையும் இந்திரன் ஆரத்தையும் முதற் பராந்தகன் முயன்றும் பெற இயலவில்லை. இராசேந்திரன் அவற்றை ஈழவேந்தர் முடியோடு சேர்த்துக் கைக்கொண்டான். ஐந்தாம் மகிந்தன் சோழநாட்டுச் சிறையிலேயே மாண்டான். முடிகொண்ட சோழன் என்ற விருது இவ்வெற்றிகளுக்குப் பொருத்தமாயிற்று. வடக்கே சென்ற படை கங்கை நீரைக் கொணர்ந்தது. அதன் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரமும் சோழகங்கம் என்னும் பேரேரியும் எழுந்தன. 1025-இல் கடல் கடந்த கலங்கள் கடாரத்தை வென்றன.

ஆயினும் அவனது அரசியல் அறிவு, கொண்ட முடிகளினும் தந்த முடியிலேயே விளங்குகிறது. ஆட்சிக்கு வந்த நான்காண்டுகளுக்குள், 1018-இல், மகன் இராசாதிராசனுக்குப் பட்டம் கட்டினான். ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் தந்தையும் மகனும் ஒருங்கே அரசு செலுத்தினர்.

அதே காலத்தில் இங்கிலாந்து, டென்மார்க்கு, நார்வே மூன்றையும் கடல் கடந்து ஆண்ட கனூட் மன்னன் 1035-இல் மறைந்தான். அவன் மைந்தர் இருவரிடையே இங்கிலாந்தின் அரியணைக்குப் போட்டி மூண்டது. 1042-இல் அம்மரபின் ஆட்சி அங்கு அற்றுப்போயிற்று. சோழநாட்டிலோ 1044-இல் இராசேந்திரன் மறைந்தபோது அரியணை வெறுமையாகவில்லை. 1054-இல் கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமேல் மடிந்தபோது, தம்பி இரண்டாம் இராசேந்திரன் களத்திலேயே முடிசூடிப் போரை வென்றான். தந்தை வகுத்த முறை களத்திலும் பிறழவில்லை.

இராசேந்திரன் உயிர்நீத்த இடம் பிரமதேசம். தேவி வீரமாதேவி அவனோடு தீப்புகுந்தாள். அவளது தாகம் தணியவேண்டி, உடன்பிறந்தான் மதுராந்தக வேளான் அங்கே தண்ணீர்ப் பந்தலுக்கு அறக்கட்டளை வைத்தான். கங்கையைத் தலைநகருக்குக் கொணர்ந்தவன் வரலாறு, வழிநடப்போர் அருந்தும் அந்நீரில் வந்து நிற்கிறது. மெய்க்கீர்த்தி அவன் கொண்ட முடிகளை எண்ணி வைத்தது. உடன் மாய்ந்தவளின் தாகத்தை நினைந்தது பிரமதேசத்துக் கல்.